போனுக்குள் இரண்டாவது ஆப் ஸ்டோர்: விடலாமா, கூடாதா?

வாசகர் கேள்வி, 2025 அக்டோபர் 8

விளையாட்டு ஆப் செய்யும் எபிக் கேம்ஸ் கம்பெனி தொடுத்த வழக்கில், மற்ற ஸ்டோர்களையும் பிளே ஸ்டோருக்குள் விட வேண்டும் என்று கூகுளுக்கு உத்தரவு இருக்கிறது. அதை நிறுத்தி வைக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் அக்டோபர் 6 அன்று மறுத்துவிட்டது. ஆப்பிள் இந்தியாவில் வெளி ஸ்டோர் எதையும் விடுவதே இல்லை. போன் செய்கிற கம்பெனி தன் போனில் போட்டிக் கடையை விடத்தான் வேண்டுமா? விட்டால் பாதுகாப்பு என்ன ஆகும்? தினமும் போன்களைப் பிரித்து மேய்கிறவர்கள் சொல்லுங்கள்.

அக்டோபர் 8, இரவு 10.40

விட வேண்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ராயபுரம் கல்மண்டபத்தில் பதினான்கு வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பர்மா பஜாரில் ஆறு வருடம் எடுபிடி வேலை.

காசிமேட்டில் ஒரு பழக்கம் உண்டு. இன்ஜின் ரிப்பேருக்கோ வலைக்கோ படகுக்காரருக்கு ஒருவர் முன்பணம் கொடுப்பார். அன்றிலிருந்து பிடித்து வரும் மீன் அவர் கை வழியாகத்தான் ஏலத்துக்குப் போக வேண்டும். பக்கத்தில் நிற்பவர் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தாலும் போட முடியாது. கமிஷன் அவர் வைத்ததுதான். முன்பணம் வாங்கியவருக்காவது கடன் என்று ஒரு காரணம் இருக்கிறது. முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து போன் வாங்கியவருக்கு என்ன கடன்?

ஆப் செய்கிறவனிடம் நூற்றுக்கு முப்பது எடுக்கிறார்கள். இன்னொரு கடை பக்கத்தில் இருந்தால் எடுப்பார்களா?

அக்டோபர் 9, காலை

முப்பது என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். 2021 முதல் நிலைமை வேறு. ஆப்பிளில் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கிற சிறியவர்களுக்கு 15 சதவீதம். கூகுளில் முதல் பத்து லட்சம் டாலருக்கு 15. அதுவும் ஆப்புக்குள் டிஜிட்டல் பொருள் விற்றால்தான். மீன், சாப்பாடு, ஆட்டோ சவாரி இதற்கெல்லாம் கமிஷன் இல்லை. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

ஆனாலும் 15 என்பதை யார் முடிவு செய்தார்கள் என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக் கூட்டம் எங்கள் தெரு வரை வழிகிறது. மதியம்தான் உட்கார முடிந்தது.

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர், "இதெல்லாம் அமெரிக்கக்காரன் சண்டை, நமக்கென்ன" என்று கேட்டிருக்கிறார். நம் ஊர் சண்டைதான். 2024 மார்ச் 1 அன்று பத்து இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தது. பாரத் மேட்ரிமோனியும் அதில் ஒன்று. அதை நடத்தும் முருகவேல் ஜானகிராமன் இந்த ராயபுரம் பக்கத்திலிருந்து போனவர், துறைமுகத் தொழிலாளியின் மகன். சண்டை, கூகுளைத் தவிர்த்து வேறு வழியில் பணம் வாங்கினாலும் கூகுள் கேட்ட 11 முதல் 26 சதவீதம் வரையிலான கட்டணத்தைப் பற்றியது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயும் பலன் கிடைக்கவில்லை. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் ஆப்கள் திரும்ப வந்தன.

சட்டப்படி யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. கட்டணம் கட்டாதவனைக் கடையிலிருந்து வெளியேற்ற கடைக்காரனுக்கு உரிமை இருக்கலாம். ஆனால் வெளியேறியவன் அடுத்த கடைக்குப் போவான் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே அடுத்த கடை என்று மக்களுக்குத் தெரிந்த ஒன்று இல்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற அப்பா அந்த வாரம் எங்கே போய்த் தேடுவார்? அமைச்சர் தலையிட்டால்தான் கதவு திறக்கும் என்றால், அமைச்சரைத் தெரியாத சின்னப் பையன் செய்த ஆப் என்ன ஆகும்?

இந்தியாவில் போட்டி ஆணையம் ஏற்கெனவே உத்தரவு போட்டுவிட்டது, மற்ற ஸ்டோர்களை பிளே ஸ்டோருக்குள் விட்டே ஆக வேண்டும், இன்று அதுதான் சட்டம்.

அதே நாள், மாலை

மேலே கடைசியில் எழுதியது தவறு. அழிக்காமல் விடுகிறேன், திருத்தம் இங்கே. போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டதும், மற்ற ஸ்டோர்களை உள்ளே விடச் சொன்னதும் உண்மை. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் அந்த ஸ்டோர் உத்தரவை ரத்து செய்துவிட்டது. பாதிச் செய்தியை வைத்துக்கொண்டு எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

அக்டோபர் 19, தீபாவளிக்கு முதல் நாள்

எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை. கடையில் கூட்டமே இல்லை, எல்லோரும் துணி வாங்கப் போய்விட்டார்கள். நான்கு மணிக்கு ஒரு அக்கா வந்தார். மார்க்கெட்டில் மீன் விற்கிறவர், எனக்குப் பத்து வருடப் பழக்கம்.

"தம்பி, போனு நெருப்பா சுடுது. பேங்க்லேர்ந்து மெசேஜா வருது, நான் ஒண்ணுமே பண்ணல."

வாங்கிப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு ஏபிகே ஃபைல் (ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றுகிற ஃபைல்), முதல் நாள் இரவு மெசேஜில் வந்திருக்கிறது. தெரிந்தவர் நம்பரிலிருந்தே வந்திருக்கிறது, அவர் போனும் மாட்டியிருக்க வேண்டும். யார் வீட்டுக் கல்யாணமோ என்று அக்கா அமுக்கியிருக்கிறார். பத்திரிகை திறக்கவில்லை. அதற்குப் பதில் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது. கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு வந்த ஓடிபி எல்லாம் வேறு யாருக்கோ போயிருக்கிறது. இரண்டு தவணையில் 41,500 ரூபாய். மகளிர் குழுப் பணமும் அதில் சேர்த்தி.

சிம்மைக் கழற்றினேன். என் போனிலிருந்து சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அடித்தோம். புகார் எண் கிடைக்கும் வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம்தான், "புள்ளைங்களுக்கு துணி எடுத்துட்டேன், அது போதும்" என்றார்.

முதல் நாள் இந்த இழையில் நான் எழுதியதை இப்போது படிக்கிறேன். "எனக்கு இதில் சந்தேகமே இல்லை." அவ்வளவு சுலபமாக எழுதியிருக்கக் கூடாது. வெளியிலிருந்து ஆப் ஏற்ற வழி இருப்பதால்தானே இது நடந்தது? ஐபோன் வைத்திருந்தால் இந்த ஃபைல் ஒன்றும் செய்திருக்காது. மூடி வைத்திருப்பதற்கு அவர்கள் சொல்கிற காரணம் இதுதான். நான் அதை வியாபாரிப் பேச்சு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், விட வேண்டும் என்று சொல்ல வாய் வராது.

அக்டோபர் 23

மூன்று நாள் கடை லீவு. எழுதாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மறைப்பது சரியில்லை.

அந்த ஃபைலை அமுக்கினவுடன் ஏறிவிடாது. ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து, எந்த ஆப் வழியாக ஃபைல் வருகிறதோ அந்த ஆப்புக்குத் தனியாக அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் தடுத்து, செட்டிங்ஸுக்குப் போகச் சொல்லும். அக்காவுக்கு செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அப்படியானால் அந்த அனுமதியை யார் போட்டது?

நான்தான்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு ஆப் செய்தான். படகுக் கணக்கு. டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, கடலில் சாப்பாட்டுச் செலவு, ஏலத்தில் வந்தது, பங்கு பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு. தமிழில், பெரிய எழுத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற மாதிரி. தடைக்காலம் முடிந்து ஜூன் 15க்குப் படகுகள் போவதற்குள் எல்லோர் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்று ராத்திரி பகலாக உட்கார்ந்தான். ஸ்டோரில் ஏற்றினான், வந்தது. பதினோரு நாளில் எடுத்துவிட்டார்கள். விதிமீறல் என்று ஒரு மெயில். எந்த விதி, எந்த வரி என்று அதில் இல்லை. மேல்முறையீடு செய்தான், அதே மெயில் திரும்ப வந்தது.

சீசன் தொடங்கிவிட்டது. படகுக்காரர்கள் கேட்கிறார்கள். அவன் ஏபிகே ஃபைலை எனக்கு அனுப்பினான். கடைக்கு வந்த ஒவ்வொருவர் போனிலும் மெசேஜ் வழியாக அனுப்பி, அனுமதியைத் திறந்து, ஏற்றிக் கொடுத்தேன். மொத்தம் 31 போன். "ஆபத்து இருக்கலாம்" என்று திரையில் வந்தபோது, "அது அப்படித்தான் வரும், நீங்க ஓகே கொடுங்க" என்று நானே சொன்னேன். ஏற்றி முடித்ததும் அனுமதியை மூடவில்லை. ஒரு போனில்கூட மூடவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் படகில் பங்காளி, கணக்கு பார்ப்பவர் அக்கா. 31 போனில் அவருடையதும் ஒன்று.

தீபாவளி அன்று காலை அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். "நீ நல்லதுக்குத்தானே பண்ணே" என்று காபி கொடுத்தார். அது தொண்டையில் இறங்கவில்லை.

அக்டோபர் 26

"அப்படியானால் மூடி வைப்பதே சரி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு.

இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன். அக்காவை ஏமாற்றியது இரண்டாவது ஸ்டோர் எதுவும் இல்லை. முகவரி இல்லாத ஒரு ஃபைல். தம்பியின் ஆப்பும் முகவரி இல்லாத ஃபைலாகத்தான் அவர் போனுக்குள் போனது, ஏனென்றால் அதற்கு இருந்த ஒரே கடை வெளியே தள்ளிவிட்டது. ஒரு கடைதான் என்றால், அங்கிருந்து தள்ளப்பட்டதெல்லாம் தெருவில் கிடக்கும். தெருவில் கிடப்பதை எடுத்துப் போட ஜனங்களைப் பழக்கினால், நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரித்தான் தெரியும். நான் பழக்கியது அதைத்தான்.

ஜூனில் ஒழுங்கான ஒரு இரண்டாவது ஸ்டோர் அந்த 31 போனிலும் இருந்திருந்தால், தம்பி அங்கே ஏற்றியிருப்பான். மெசேஜ் ஆப்புக்கு அனுமதி கொடுக்க வேண்டிய வேலையே வந்திருக்காது. கல்யாணப் பத்திரிகை செட்டிங்ஸ் வாசலிலேயே நின்றிருக்கும்.

அதனால் முதல் பதிலுக்கே திரும்புகிறேன், ஆனால் அன்றைக்குச் சொன்ன காரணத்துக்காக மட்டும் இல்லை.

அதே நாள், இரவு

"ஒழுங்கான" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன் என்கிறார் வியாசர்பாடி நண்பர். சரியான பிடி. கடன் ஆப்களை நினைவுபடுத்தியிருக்கிறார். கொரோனா சமயத்தில் ஐயாயிரம் கடன் வாங்கிவிட்டு, போட்டோவை மார்ஃபிங் செய்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டப்பட்டவர்கள் எங்கள் கடைக்கும் வந்து அழுதிருக்கிறார்கள்.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் சுமார் 1,100 கடன் ஆப்கள் இந்தியர்களுக்குக் கிடைத்தன, அதில் 600 சட்டவிரோதமானவை என்று அதில் இருக்கிறது. அவை கிடந்த ஸ்டோர்கள் எண்பதுக்கு மேல். ஆக, நிறைய ஸ்டோர் இருந்தால் தானாக நல்லது நடந்துவிடாது. ஆனால் பெரிய ஸ்டோரும் சுத்தமாக இருக்கவில்லை. 2022 செப்டம்பரிலிருந்து ஒரு வருடத்தில் கூகுள் தன் ஸ்டோரிலிருந்து எடுத்த கடன் ஆப்கள் 2,200க்கு மேல் என்று அரசே பாராளுமன்றத்தில் சொன்னது. எடுத்தது நல்லதுதான். எடுக்கும் வரை அவை உள்ளேதான் இருந்தன.

ஒழுங்கு என்று நான் சொல்வது இதுதான்: ஸ்டோர் நடத்துகிறவருக்கு இங்கே அலுவலகம் இருக்க வேண்டும், தன் ஸ்டோரில் இருந்த ஆப்பால் ஒருவர் ஏமாந்தால் பதில் சொல்ல வேண்டும், ஓர் ஆப்பை எடுத்தால் எந்த விதியின் எந்த வரி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியவருக்கும் சின்னவருக்கும் இதே சட்டம்.

நவம்பர் 2

"ஆண்ட்ராய்டில்தான் யாரும் ஸ்டோர் போடலாமே, என்ன புலம்பல்?" என்கிறார் ஒருவர். உண்மை. சாம்சங் போனில் கேலக்ஸி ஸ்டோர் இருக்கிறது, ஷாவ்மியில் கெட்ஆப்ஸ் இருக்கிறது. கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று தன் போனில் இருப்பதே தெரியாது.

2024 பிப்ரவரியில் போன்பே ஆரம்பித்த இண்டஸ் ஆப்ஸ்டோரை என் போனில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு இந்திய மொழிகள், தமிழும் உண்டு. ஆப் செய்கிறவர் பணம் வாங்க விருப்பமான பேமென்ட் கேட்வேயை, அதாவது பணம் வசூலிக்கிற சேவையை, வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கமிஷன் இல்லை. என் அம்மாவுக்கு அதில் தமிழில் குரலால் தேடுவது பிடித்துவிட்டது. ஆனால் பழைய போனில் இண்டஸையே ஏற்ற வேண்டுமானால் அதன் இணையதளத்திலிருந்து ஏபிகே இறக்கி, பிரவுசருக்கு அந்த அனுமதியைத் திறந்தாக வேண்டும். அக்காவிடம் இனிமேல் யாருக்கும் கொடுக்காதே என்று சொன்ன அதே அனுமதி! நல்ல கடைக்குப் போகிற வழியும் திருடன் வருகிற வழியும் ஒரே சந்தாக இருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை சண்டையின் மையம் இங்கேதான் இருக்கிறது. "அனுமதிக்கிறோம்" என்று சொல்வது பெரிய விஷயமில்லை, வாசல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம். அமெரிக்க நீதிபதி மற்ற ஸ்டோர்களைப் பிளே ஸ்டோருக்கு உள்ளேயே வைக்கச் சொன்னதன் அருமை இப்போதுதான் எனக்குப் புரிகிறது. நம்மூரில் ரத்தானதும் அதே விஷயம்தான்.

நவம்பர் 3

தம்பி படித்துவிட்டு ஒரு விவரம் சொன்னான். ஆண்ட்ராய்டு 12 முதல் வெளி ஸ்டோர்களும் தாங்கள் ஏற்றிய ஆப்களை ஒவ்வொரு முறையும் கேட்காமல் அப்டேட் செய்யலாம். முன்பு ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அமுக்க வேண்டும். அமுக்கி அமுக்கித்தான் ஜனங்களுக்கு எச்சரிக்கை மரத்துப்போனது.

நவம்பர் 15

கூகுள் ஆகஸ்டில் சொன்ன டெவலப்பர் சரிபார்ப்பு பற்றி நிறைய பேர் கேட்கிறீர்கள். ஆப் எங்கிருந்து வந்தாலும், செய்தவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகளுக்கும். எஃப்-டிராய்டு மாதிரி, 2010 முதல் இலவசமாக ஓபன் சோர்ஸ் ஆப்களைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் இது எங்களை முடித்துவிடும் என்று எதிர்த்தார்கள். இந்த மாதம் கூகுள் கொஞ்சம் இறங்கி, விவரம் தெரிந்தவர்கள் சரிபார்க்காத ஆப்பையும் ஏற்ற ஒரு தனி வழி வைப்போம் என்றது. மிரட்டலுக்கு ஆளாகி அவசரத்தில் அமுக்குகிறவர்களைத் தடுக்கிற மாதிரி அந்த வழி இருக்கும் என்கிறார்கள்.

எனக்கு இதில் மனது இரண்டாகிறது. கல்யாணப் பத்திரிகைக்காரன் அடையாளம் பதிவு செய்ய வரமாட்டான், அது வரைக்கும் நல்லது. ஆனால் பதிவேடு யார் கையில்? போட்டிக் கடையில் விற்கிற சரக்குக்கும் பெரிய கடைக்காரர்தான் அடையாள அட்டை கொடுப்பார் என்றால் அது என்ன போட்டி? தம்பியை ஒரு முறை காரணம் சொல்லாமல் வெளியே தள்ளியது போல, நாளை பதிவையும் ரத்து செய்தால் அவன் எந்த ஸ்டோருக்கும் போக முடியாது. பதிவேடு பொதுவான ஒருவர் கையில் இருக்கட்டும். வண்டிக்கு நம்பர் பிளேட்டை ஷோரூம்காரர் முடிவு செய்வதில்லை, ஆர்டிஓதான் எண் கொடுக்கிறது.

டிசம்பர் 3

மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், கடைக்குள் வராமல் மணல் மூட்டை போட்டிருக்கிறோம்.

ஐபோனைப் பற்றி நான் பேசவே இல்லை என்கிறார்கள். கடைக்கு வருவது பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட் ஐபோன்தான், அதனால் சுருக்கமாக. ஐரோப்பாவில் டிஜிட்டல் சந்தைச் சட்டம் வந்ததால் 2024 மார்ச் முதல் ஐபோனில் வெளி ஸ்டோர் வைக்கலாம். ஆல்ட்ஸ்டோர், எபிக் ஸ்டோர் எல்லாம் வந்தன. ஆனால் அந்தப் புது விதிகளை ஏற்றுக்கொண்ட ஆப் பத்து லட்சம் நிறுவல் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் வருடத்துக்கு அரை யூரோ ஆப்பிளுக்குக் கட்ட வேண்டும் என்று வைத்தார்கள். மறுபடியும் வாசல் விஷயம்தான். ஜப்பானிலும் இம்மாதம் 18 முதல் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வருகிறது. இங்கே 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு வெளியானது, வரைவாகவே இருக்கிறது.

அக்டோபர் 19 அன்று ஐபோன் வைத்திருந்தால் தப்பியிருப்பார் என்று எழுதினேன். அது இப்போதும் உண்மைதான். அந்த விலையில் போன் வாங்கினால் அக்கா எத்தனை மாதம் மீன் விற்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும்.

டிசம்பர் 21

கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், அதனால் நிலவரம். அக்காவின் பணத்தில் 14,000 ரூபாய் ஒரு கணக்கில் முடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அதை விடுவிக்க மனு போட்டிருக்கிறோம். மீதி கைமாறிப் போய்விட்டது. மகளிர் குழுப் பங்கை மாதம் இரண்டாயிரமாக நான் கட்டுகிறேன். அக்கா வேண்டாம் என்கிறார், குழுத் தலைவி வாங்கிக்கொள்கிறார்.

தம்பியின் ஆப் மூன்றாவது மேல்முறையீட்டில் ஸ்டோருக்குத் திரும்ப வந்துவிட்டது. இந்த முறையும் காரணம் சொல்லவில்லை. அவன் இண்டஸிலும் ஏற்றிவிட்டான், இனி ஒரே இடத்தை நம்புவதாக இல்லை.

நேற்று அக்கா புது வெர்ஷன் போட வந்தார். ஸ்டோரிலிருந்து போட்டேன். பிறகு செட்டிங்ஸில் அந்தப் பக்கத்தைத் திறந்து போனை அவர் கையிலேயே கொடுத்தேன். பச்சையாக ஏதாவது எரிந்தால் அணைத்துவிடுங்கள் என்றேன். ஒவ்வொன்றாக விரலை வைத்துப் பார்த்தார், எதுவும் எரியவில்லை. "அப்ப இன்னிக்கு நிம்மதியா தூங்கலாம்" என்றார்.

ஜூனில் நான் ஏற்றிக் கொடுத்த 31 போனில் 24 போனை இதுவரை வரவழைத்து அனுமதியை மூடிவிட்டேன். ஏழு பாக்கி. நான்கு பேர் கடலில் இருக்கிறார்கள், இரண்டு பேர் நம்பர் மாற்றிவிட்டார்கள், ஒருவர் எண்ணூர் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொல்கிறார்கள். படகுக் கணக்கு ஆப் வைத்திருக்கிற யாரையாவது பார்த்தால் கல்மண்டபம் கடைக்கு ஒரு நடை வரச் சொல்லுங்கள். இரவு பத்து வரை திறந்திருக்கும்.